அமாவாசைக்கு விடுப்பு எடுத்த ஆவி

ஆவிகள் விஷயத்தில் எனக்கு ஒரே ஒரு கொள்கைதான். அவை என் வழிக்கு வராதவரை நான் அவற்றின் வழிக்குப் போகமாட்டேன். இதைப் பிரிகாதியே சுப்பராயனிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். மனிதர் காதில் போட்டுக்கொண்டால்தானே!

பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய் எட்டு வருஷம் ஆகிறது. அவர்கள் போலீஸில் ஏட்டையா மாதிரி ஓர் உத்தியோகம் பார்த்தவர் சுப்பராயன். அதற்குப் பெயர்தான் பிரிகாதியே. உடுப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டார், பட்டத்தை ஊர் விடவில்லை. இப்போது தனியாகத் துப்பறிகிறார். உதவியாளன் கலியபெருமாள் அடியேன்தான். சைக்கிளில் அவரை வைத்து மிதிப்பது, அவருக்குப் பதிலாகப் பயப்படுவது, அவருக்கும் சேர்த்துப் பசிப்பது ஆகியவை என் இலாகா.

அன்று நான் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து அவர் தொப்பியை எடுத்தார்.

"கெளம்புடா கலியா. ஈசுவரன் கோயில் தெருவுல ஒரு ஆவி."

"சாப்பிட்டுட்டுப் போலாமே பிரிகாதியே. செத்தவங்களுக்கு என்னா அவசரம்?"

"செத்தவங்களுக்கு இல்ல. உயிரோட இருக்கிறவருக்கு அவசரம்."

அந்த உயிரோடு இருக்கிறவர் நாவலாசிரியர் பலராமன். சென்னை வாரப் பத்திரிகையில் அவருடைய தொடர்கதை வெளிவரும் நாளில் புதுச்சேரி பஸ் நிலையத்தில் கட்டுப் பிரிக்குமுன்னே கை நீட்டுவார்கள். நானும் நீட்டியிருக்கிறேன். அவர் மனைவி செல்வாம்பாள் போன மார்கழியில் காய்ச்சலில் இறந்துபோனார்.

கதவைத் திறந்தவர் மகள் சந்திரகலா. காரைக்காலில் வாழ்க்கைப்பட்டவர். அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆடி பிறந்ததும் வந்தவர், திரும்பிப் போக முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது.

"சத்தம் போடாம வாங்கய்யா. அப்பா மாடியில கடைசி அத்தியாயம் எழுதிக்கிட்டிருக்காரு" என்றார். "அதை முடிக்க விடக் கூடாது. அதான் உங்களைக் கூப்பிட்டேன்."

எழுத்தாளரை எழுதவிடாமல் தடுக்கத் துப்பறிகிறவர் எதற்கு, நாலு சொந்தக்காரர்கள் போதுமே என்று சொல்ல வாய் வந்தது. அந்த அம்மாள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

"என்னம்மா ஆச்சு? மொதல்லேருந்து சொல்லு" என்றார் பிரிகாதியே.

சந்திரகலா எங்களைச் சமையலறை தாண்டிக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். கிணற்றை ஒட்டி ஓர் அம்மி. சமையலறை வாசலில் ஒரு சாய்வு நாற்காலி.

"கல்யாணம் ஆன புதுசுலேருந்தே இதுதான் பழக்கம். காலையில எழுதினதை மத்தியானம் இந்த நாற்காலியில உக்காந்து அப்பா சத்தமாப் படிப்பாரு. அம்மா மசாலா அரைச்சுக்கிட்டே கேப்பாங்க. ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க. ஆனா எந்த எடத்துல அவங்க கை நின்னு போவுதோ, அந்த எடம் தேறிடுச்சுன்னு அர்த்தம். கல்லு நிக்காம ஓடிச்சுன்னா அந்தப் பக்கத்தை அப்பா அங்கேயே கிழிச்சுடுவாரு. மேடையில கூடச் சொல்லுவாரு, 'எழுதறது என் கை, நிறுத்தறது அவ கை'ன்னு."

"பொம்பளைங்களை அரைக்க வுட்டுட்டுக் கதை படிக்கிறது நல்ல ஏற்பாடா இருக்கே" என்றேன். பிரிகாதியே என் காலை மிதித்தார்.

"அம்மா போனப்புறம் அப்பா பேனாவைத் தொடல. கருமாதி முடிஞ்சு ஒரு நாள் இந்த நாற்காலியில உக்காந்து பழைய கதையை எடுத்துப் படிச்சிருக்காரு, சும்மா, ஆறுதலுக்கு. அப்ப..." சந்திரகலா குரலை அடக்கிக்கொண்டார். "அப்ப அம்மி அரைக்கிற சத்தம் கேட்டிருக்கு. நடுவுல ஒரு எடத்துல நின்னிருக்கு."

என் முதுகில் யாரோ ஈரத்துணியைப் போட்ட மாதிரி இருந்தது. அம்மியிலிருந்து மெல்ல நகர்ந்து நின்றேன்.

"அன்னையிலேருந்து தினமும் மத்தியானம் வருது. நானே கேட்டிருக்கேன். அப்பா எழுத ஆரம்பிச்சாரு. எனக்கும் மொதல்ல சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஆனா இப்பப் பேச்சே மாறிப்போச்சு. கிணத்தை எட்டிப் பாத்து அம்மாகூடப் பேசறாரு. 'கதை முடியட்டும், கடைசி அத்தியாயத்துக்கு நீ கையை நிறுத்திட்டா நான் உங்கிட்ட வந்துடறேன்'னு நேத்து சொன்னதை என் காதால கேட்டேன்." அவர் அழுதேவிட்டார். "எங்கப்பாவை யாரோ திட்டம் போட்டுச் சாகடிக்கிறாங்கய்யா. இல்ல, எங்கம்மாவே கூப்பிடறாங்க. எதுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

பிரிகாதியே அம்மியருகே குந்தினார். குழவியைத் தொட்டு விரலைப் பார்த்தார். விரலெல்லாம் தூசி.

"தெனமும் அரைக்கிற ஆவி, ஒரு நாளும் கல்லை நனைக்கல" என்றார். "கலியா, குழவியைத் தூக்கு."

"நானா? எனக்கு இடுப்புல பிடிப்பு."

அவரே தூக்கினார். அடியில் ஒரு சிலந்தி குடும்பத்தோடு குடியிருந்தது.

"அந்தச் சத்தம் வராத நாள் எதாவது உண்டாம்மா?"

"உண்டு. ஆடி அமாவாசை அன்னிக்கு வரல. அப்பா படையல் போட்டுட்டு நாற்காலியில பொழுது சாயுற வரைக்கும் உக்காந்திருந்தாரு. ஆவணி அமாவாசைக்கும் அப்பிடித்தான். 'என் மேல என்ன கோவம் செல்வா'ன்னு கொழந்தை மாதிரி அழுதாரு."

பிரிகாதியே தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். மூளை ஓடுகிறது என்று அர்த்தம்.

"போனவங்க எல்லாரும் அமாவாசைக்குத்தாம்மா வருவாங்க. உங்கம்மா மட்டும் அன்னிக்குப் பாத்து லீவு போடறாங்க. இப்பிடி ஒரு ஆவியை நான் பாத்ததில்ல." எழுந்து கிணற்றைச் சுற்றி வந்தார். "உங்கம்மா கடைசிக் காலத்துல எப்பிடி இருந்தாங்க?"

"எங்கிட்டப் பாசமே போயிடுச்சு" என்றார் சந்திரகலா. அந்தத் துக்கத்திலும் குரலில் ஒரு பழைய கோபம் இருந்தது. "ஊர்லேருந்து ஆசையா வந்து, பின்னால நின்னு அம்மா அம்மான்னு கத்துவேன். திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. முன்னால போய் நின்னா மட்டும் சிரிச்சுப் பேசுவாங்க. அவங்களுக்கு அப்பாவும் அவர் கதையும் போதும், பொண்ணு எதுக்கு?"

"முன்னால நின்னு பேசுறப்ப எங்க பாப்பாங்க? கண்ணையா, வாயையா?"

"வாயைத்தான்னு நெனைக்கிறேன். ஏங்கய்யா?"

அவர் அதற்குள் கிணற்றின் மேல் குனிந்துவிட்டார். எங்கள் ஊரின் பழைய வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பவை. இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. நடுவில் வளைவு கட்டி, மேலே மதில் எழுப்பியிருப்பார்கள். இந்தப் பாதியில் இவர்கள் இறைப்பார்கள், அந்தப் பாதியில் அவர்கள்.

"பின்வீட்டுல யாரு?"

"தெரியாதுய்யா. அவங்க வாசல் பின்தெருவுல. அம்மா இருந்தா தெரிஞ்சிருக்கும்."

"இங்க வாடா கலியா. இந்தக் கைப்பிடிச் சுவரைப் பாரு."

சுண்ணாம்புப் பூச்சில் ஒரு தடம் விழுந்திருந்தது. வாளிக்கயிறு தேய்த்த தடம் என்றால் கட்டைவிரல் அகலம் இருக்கும். இது வைக்கோல் அகலம்கூட இல்லை. பிரிகாதியே அந்தத் தடத்தோடு கண்ணை ஓட்டினார். அது கைப்பிடிச் சுவரிலிருந்து அம்மியை நோக்கி வந்தது. அம்மிக்குப் பக்கத்தில், தரையோடு தரையாக ஓர் ஆணி. ஆணியில் கொஞ்சம் நூல், நுனியில் ஒரு சின்னச் சுருக்கு.

"என்னா நூல் இது?"

"வலை பின்னுற நூல். முடிச்சும் வலைக்காரங்க முடிச்சுதான்." வைத்திக்குப்பத்தில் எனக்கு ஒரு மீனவச் சிநேகிதன் உண்டு. அதனால் தெரியும்.

"சைவ வூட்டுல மீன்வலை நூல். சுருக்கு அளவு என்னா? கைக்குச் சின்னது, விரலுக்குப் பெருசு." தன் செருப்பைக் கழற்றினார். கால் கட்டைவிரலில் அதை மாட்டினார். அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்தது.

அந்த நேரத்தில்தான் அது கேட்டது.

சரக்... சரக்... சரக்...

அம்மியில் அரைக்கும் சத்தம். எங்கள் காலடியில் இருந்த கல் அசையவில்லை. சிலந்திகூட அசையவில்லை. சத்தம் மட்டும் தரையிலிருந்து எழும்பி வந்தது, பட்டப்பகலில், வெயில் அடிக்கும்போதே. நான் முருகனிலிருந்து மாதாகோயில் வரைக்கும் எல்லாரையும் கூப்பிட்டுவிட்டேன்.

மாடியிலிருந்து ஒரு கிழக்குரல் உற்சாகமாகக் கூவியது. "சந்திரா! அம்மா வந்துட்டா பாரு! இந்தப் பக்கத்தோட முடிஞ்சுது. இதோ எறங்கி வரேன்!"

பிரிகாதியே என் பிடரியைப் பிடித்துக் கிணற்றுக்குள் தலையை அழுத்தினார்.

"மோந்து பாரு. உன் மூக்குக்கு வேலை."

பசித்த வயிறு பொய் சொல்லாது. வறுத்த மல்லி, காய்ந்த மிளகாய், பூண்டு. "மீன் குழம்பு மசாலா!" என்றேன். கிணறும் "மசாலா" என்றது.

"அமாவாசைக்கு யாரும் மீன் திங்க மாட்டான். அன்னிக்கு மீன் சாப்பாட்டுக் கடையில அம்மிக்கு லீவு. வாலா, ஆவி கெடைச்சுது." வாலா என்றால் பிரெஞ்சில் 'இதோ'. அவர் செருப்பை மாட்டினார். "ஏம்மா, உங்கப்பாவுக்குக் காபி குடு, தண்ணி குடு, கண்ணாடியை ஒளிச்சு வை. கொஞ்ச நேரம் எங்களுக்கு வேணும்."

தெருக்கோடியைச் சுற்றிப் பின்தெருவுக்கு ஓடினோம். ஓடினேன் என்று சொல்வதே சரி. அவரைப் பின்னால் வைத்து மிதித்தேன்.

பின்வீட்டு வாசலில் கதவே இல்லை, சாக்குப்படுதாதான். உள்ளே கிணற்றின் மறுபாதி. அதன் ஓரமாக ஒரு பெண் அம்மியில் குனிந்து அரைத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். மூக்குத்தி, வேர்வை, முழங்கை வரைக்கும் மசாலா. எங்களைப் பார்த்தும் அவள் அரைப்பதை நிறுத்தவில்லை.

"மசாலா ராத்திரிக்குத்தான் ரெடியாவும்" என்றாள்.

"நாங்க மசாலாவுக்கு வரல. செல்வாம்பாளுக்காக வந்தோம்" என்றார் பிரிகாதியே. "உன் பேரு என்னா?"

கல் ஒரு தடவை இடறியது. மறுபடி ஓடியது.

"தனக்கொடி. வைத்திக்குப்பம். அவரு கடலோட போனப்புறம் இங்க கடைக்கு அரைச்சுக் குடுக்கிறேன்."

"ஏம்மா, ஒரு மனுசனை ஏமாத்திச் சாகடிக்கப் பாக்கறியே, உனக்கு என்னா லாபம்?" என்று நான் எகிறினேன்.

அவள் முகம் அப்படியே வெளுத்தது. "சாவறதா? யாரு? ஐயாவா?"

பிரிகாதியே என்னைக் கையமர்த்தினார். "அந்தம்மாவுக்கு எப்பலேருந்து காது கேக்கல தனக்கொடி?"

அவள் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். கையில் குழவி, கண்ணில் தண்ணீர்.

"பொண்ணுக்குக்கூடத் தெரியாதே. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள். அரைத்துக்கொண்டே, கிணற்றுக்கு எட்டாத குரலில் சொன்னாள். "ஏழெட்டு வருசம் இருக்கும். கொஞ்சங் கொஞ்சமாப் போச்சு. ஒரு நாளு ஐயா படிக்கிறாரு, எனக்கு இங்க நல்லாக் கேக்குது. அந்தக் கதையைக் கேட்டு நானு அழுவுறேன், அங்க அக்கா கல்லு பாட்டுக்கு ஓடுது. ஐயா பரக்குனு தாளைக் கிழிச்சுட்டாரு. அப்பறம் நாலு மாசம் எழுதவேயில்ல. சோறு எறங்கல. அக்கா இந்தக் கிணத்துல தலையை வுட்டு அழுதாங்க. 'என் காது போச்சுன்னு சொன்னா அவரு வாயும் போயிடும் தனம், நீ கேட்டுச் சொல்லுடி'ன்னாங்க."

"அதுக்குத்தான் நூலு."

"ஆமாங்க. எம் புருசன் வுட்டுட்டுப் போன வலைநூலு. அக்கா கால் விரல்ல ஒரு நுனி, என் விரல்ல ஒரு நுனி. எனக்கு எங்க தொண்டை அடைக்குதோ அங்க இழுப்பேன். அக்கா கையை நிறுத்துவாங்க. ராத்திரி ஐயாவை எதுக்க உக்கார வச்சு, 'அந்த எடத்தை இன்னொரு வாட்டி சொல்லுங்க'ன்னு வாயைப் பாத்துப் பாத்துத் தெரிஞ்சுக்குவாங்க. மறுநாளு வந்து என்னைய மெச்சுவாங்க. ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்கு நூலை அவுத்து ஆணியில மாட்டிட்டு, 'நான் இல்லன்னாலும் கல்லு நிக்கக் கூடாது'ன்னு கையைப் புடிச்சுக்கிட்டாங்க. நானு வேற ஒண்ணும் பண்ணல சாமி. அரைக்கிறேன். எங் கை நிக்கிற எடத்துல நிறுத்துறேன்."

இந்த ஊரே தலையில் வைத்துக் கூத்தாடும் கதைகளை நிறுத்தி நிறுத்திச் செதுக்கியது, மீன் மசாலா அரைக்கிற இந்தக் கை. அதைப் பிடித்து வைத்தது, காது கேட்காத அந்த அம்மாவின் கால் விரல்.

சாக்கை விலக்கிக்கொண்டு சந்திரகலா ஓடி வந்தார். பாதிப் பேச்சைக் கேட்டிருக்கிறார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"காதா? அம்மாவுக்குக் காதா கேக்கல? நான் போன தீபாவளிக்கு அவங்ககிட்டப் பேசாம ஊருக்குப் போயிட்டேனே!" என்று அடங்கிய குரலில் சொல்லி வாயில் அடித்துக்கொண்டார். பிறகு சட்டென்று திரும்பினார். "அப்பா நாற்காலியில வந்து உக்காந்துட்டாரு. கண்ணாடி இல்லாமலே படிக்கறேங்கறாரு. நான் போய் எல்லாத்தையும் சொல்லிடறேன்."

"சொல்லு" என்றார் பிரிகாதியே. "உங்கம்மா ஆவியா வரலன்னு சொல்லு. உயிரோட இருந்தப்பவே அவங்க கேக்கலன்னும் சொல்லு. அவரு செய்யப்போறதை நாளைக்குச் செய்யாம இன்னிக்கே செய்வாரு."

"அப்ப என்னதான் பண்றது?"

பிரிகாதியே தனக்கொடியின் முன்னால் குந்தினார். அவர் அப்படி யார் முன்னாலும் குந்தி நான் பார்த்ததில்லை.

"தனக்கொடி, கடைசி அத்தியாயத்துக்குக் கல்லு நின்னா அவரு கிணத்துல எறங்கிடுவாரு. நிக்கலன்னா?"

"கிழிச்சுடுவாரு" என்றாள் அவள். "திரும்ப எழுதுவாரு."

"அதான். எவ்வளவு நல்லாயிருந்தாலும் நிறுத்தாதே."

அவர் சந்திரகலாவை அழைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் கிணற்றருகே காவலுக்குப் போனார். நான் இந்தப் பக்கம் அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

கிணற்றிலிருந்து பலராமனின் குரல் வந்தது. கனத்த குரல். ஈரச் சுவரில் பட்டு, எங்கிருந்தோ வருவது போல இருந்தது.

கதை எனக்குத் தெரியும், எல்லா வாரமும் படித்ததுதான். கட்டுமரக்காரன் தேவராசுவின் மனைவியைப் புயல் கொண்டுபோகிறது. அவன் தினமும் கரையில் உட்கார்ந்து கடலோடு வழக்குப் பேசுகிறான். இப்போது படிக்கும் கடைசி அத்தியாயத்தில் அவன் அடுப்பை அணைத்துவிட்டு, அவள் சேலையை மடித்து வைத்துவிட்டு, கடலில் இறங்குகிறான்.

"'தண்ணி இடுப்புக்கு வந்தது. தேவராசுவுக்குக் குளிரவில்லை. ஏண்டி, அடுப்புல ஏதாச்சும் வச்சிருக்கியா என்று கேட்டான். பசியாக இருந்தது அவனுக்கு. இவ்வளவு நாளும் இல்லாத பசி...'"

இழவு, என்ன எழுத்து அது! நான் அழுகிறேன் என்பதே எனக்குக் கன்னம் நனைந்த பிறகுதான் தெரிந்தது. தனக்கொடியின் உதடு துடித்தது. அவளும் கடலுக்குப் புருஷனைக் கொடுத்தவள். கல் மெதுவானது. சரக்... பிறகு வெகுநேரம் கழித்து, சரக்...

"நிறுத்தாத" என்று வாயசைத்தேன்.

அவள் தலையை ஆட்டினாள். முடியவில்லை. கை குழவியிலிருந்து நழுவியது.

பாய்ந்து குழவியைப் பிடித்தேன். அம்மாடி, என்ன கனம்! பிறந்ததிலிருந்து சாப்பிட மட்டுமே தெரிந்த கை இது. தள்ளினேன், நகரவில்லை. கிணற்றுக்கு அந்தப்பக்கம் குரல் தயங்கியது. 'செல்வா?' என்று ஆவலோடு கேட்டது. உயிரைக் கொடுத்து இன்னொரு தள்ளு தள்ளினேன். குழவி திடீரென்று லேசானது. சரக் என்று முன்னால் போய், தானாகப் பின்னால் வந்தது. சரக், சரக், சரக். மிளகாய் கண்ணில் தெறித்தது. நான் விடவில்லை.

குரல் கடைசி வரி வரைக்கும் படித்து முடித்தது. கல் ஓடிக்கொண்டேயிருந்தது.

அந்தப்பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது. காலடி கிணற்றை நோக்கி வந்தது.

பரக். காகிதம் கிழிபடும் சத்தம். துண்டுகள் கிணற்றுக்குள் வெள்ளையாக மிதந்து இறங்கின.

"வரவேணாங்கறா சந்திரா" என்றது பலராமனின் குரல். அது அழுதது, அழுகையிலேயே லேசாகச் சிரிக்கவும் செய்தது. "பாதியில அவளுக்கு மனசு இளகிச்சு, கை தடுமாறிச்சு. ஆனா நிறுத்தல. இந்த முடிவு அவளுக்குப் பிடிக்கல. வேற எழுதணும். இந்தத் தொப்பிக்காரரு யாரு? சரி, அவருக்கும் சேத்துக் காபி போடு. பசிக்குது எனக்கு."

நான் குழவியை விட்டுவிட்டுத் தரையில் மல்லாந்து விழுந்தேன். கையெல்லாம் எரிந்தது, கண்ணெல்லாம் எரிந்தது.

"நல்லாயிருந்துதே" என்றாள் தனக்கொடி. சுவரில் சாய்ந்து தேம்பிக்கொண்டிருந்தாள். "அவரு எழுதினதுலயே இதுதாங்க நல்லாயிருந்துது. அதைச் சொல்லக்கூட முடியாம போச்சே."

"அடுத்த முடிவுக்கு நிறுத்திக்கலாம்."

"நிறுத்த மாட்டேன். அவரு எத்தனை முடிவு எழுதினாலும் நிறுத்த மாட்டேன்" என்றாள். "எனக்கு முடிவே வேணாம். ஐயா இருந்தா போதும்."

முகத்தைத் துண்டால் துடைத்தபடி எழுந்தேன். "நீ சரியான நேரத்துல கை குடுத்தம்மா. இல்லன்னா அந்தக் குழவி என்னால அசைஞ்சிருக்காது."

அவள் தேம்பலை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"நானா? நான் எங்கங்க கை குடுத்தேன்? அழுவுற சத்தம் ஐயாவுக்குக் கேட்டுடப் போவுதேன்னு ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டு இங்கதானே நின்னேன்."

அவள் வாயைச் சுற்றி, இரண்டு பக்கமும், மசாலா விரல்கள் பதிந்திருந்தன. நான் அம்மியைப் பார்த்தேன். பிறகு பிரிகாதியே கூப்பிடும்வரை காத்திராமல், சைக்கிளைக்கூட எடுக்காமல், தெருவுக்கு ஓடி வந்துவிட்டேன்.